வரவில்லையா, வர முடியவில்லையா?

(நமது அறக்கட்டளையின் புற்றுநோய் விழிப்புணர்வுக் கூட்டத்தில் கதிர்வீச்சு சிகிச்சை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)





நம் ஊரில் 'கரண்ட் வைப்பது' என்று சொல்கிறார்களே, புற்றுநோய்க்கான அந்தச் சிகிச்சையைத் தரும் டாக்டர் நான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எம்.டி. இரண்டாம் ஆண்டு மாணவன். கொரோனா எங்கள் படிப்பை எப்படி மாற்றியது என்று பேசச் சொன்னார்கள். டாக்டர்கள் படிப்பு நமக்கெதற்கு என்று நினைக்காதீர்கள். அன்று நாங்கள் கற்றதும் கற்கத் தவறியதும் உங்கள் வீட்டு நோயாளி வரை வந்து சேரும்.

இந்தச் சிகிச்சை ஒரே நாளில் முடிவதல்ல. வாரத்துக்கு 5 நாள் என்று பல வாரம் தினமும் வர வேண்டும். நடுவில் நிறுத்தினால், அடங்கிக்கொண்டிருந்த புற்றுநோய்ச் செல்கள் மறுபடி வளரத் தொடங்கும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு, உள்ளே வைக்கும் கதிர்வீச்சையும் சேர்த்து 8 வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது கணக்கு.

ஊரடங்கில் பஸ் நின்றது. 25 நாள் வர வேண்டிய ஒரு தாய், 16 நாள் முடித்த பிறகு வரவில்லை. நான் அவருடைய ஃபைலில் 'வரவில்லை' என்று எழுதி மூடிவிட்டேன். எங்கள் பேராசிரியர் பார்த்துவிட்டு, "வரவில்லையா, வர முடியவில்லையா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்று மாலை போன் செய்தேன். "எப்படி வர்றது தம்பி? வண்டியே இல்லையே" என்று அழுதார். இ-பாஸ் எடுக்க வழி சொன்னோம். பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவில் கூட்டிவந்தார். அதற்குள் 9 நாள் போய்விட்டது. ஒரே நாளில் 6 மணி நேர இடைவெளி விட்டு இரண்டு தடவை வைத்து, விட்ட நாட்களை முடிந்தவரை ஈடுசெய்தோம். நோயாளி எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார், யார் கூட்டிவருகிறார் என்று முதல் நாளே கேட்கும் பழக்கம் அன்றுதான் எனக்கு வந்தது.

அதே 2020 ஏப்ரலில் பிரிட்டனிலிருந்து ஓர் ஆய்வு முடிவு வந்தது. சுமார் 4,000 பேரை 5 ஆண்டு கவனித்த ஆய்வு. மார்பகப் புற்றுநோய்க்கு 3 வாரத்தில் 15 தடவை கொடுப்பதை, அளவை மாற்றி ஒரே வாரத்தில் 5 தடவையாகக் கொடுத்தாலும், நோய் திரும்பாமல் தடுப்பதில் குறைவில்லை என்று அது காட்டியது. எல்லா நோயாளிக்கும் இது பொருந்தாது. ஆனால் எத்தனை நாளில் முடிக்கலாம் என்று யோசிப்பதும் எங்கள் பாடமானது.

வகுப்புகள் செல்போனுக்கு வந்தன. வெளிநாட்டு நிபுணர்களின் பாடத்தை விடுதி அறையிலிருந்தே கேட்டோம். சி.டி. ஸ்கேன் படத்தில் கட்டியைச் சுற்றி நாங்கள் போட்ட கோட்டை, பேராசிரியர் தன் வீட்டிலிருந்தே திருத்தினார். இவை நன்மைகள்.

இழப்பும் உண்டு. முறை வைத்து கொரோனா வார்டுக்கு அனுப்பப்பட்டோம். புதிய நோயாளிகள் குறைந்தார்கள். கட்டியைத் தொட்டுப் பார்த்து அறிவதையும், உள்கதிர்வீச்சுக் கருவி பொருத்துவதையும் திரையில் கற்க முடியாது. 2021 ஏப்ரலில் நடக்க இருந்த முதுநிலை நீட் தேர்வு செப்டம்பரில்தான் நடந்தது. கலந்தாய்வு 2022 ஜனவரியில்தான் தொடங்கியது. ஜூனியர்கள் வராததால் இருந்தவர்களே எல்லா வேலையும் பார்த்தோம். விட்டுப்போன கைப்பயிற்சியை, எம்.டி. முடித்த பிறகு மூத்தவர்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

உங்களிடம் மூன்று வேண்டுகோள்.

ஒன்று: சிகிச்சை தொடங்கும் முன், "எத்தனை நாள்? குறைந்த நாளில் முடிக்கும் முறை எங்களுக்குப் பொருந்துமா?" என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

இரண்டு: ஒரு நாள் வர முடியாவிட்டாலும் உடனே போன் செய்யுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்வீச்சு சிகிச்சையும் உண்டு. ரயிலில் புற்றுநோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழை மருத்துவமனையில் கேட்டு வாங்குங்கள். வண்டி வசதி உள்ளவர்கள், தெருவில் ஒரு நோயாளி இருந்தால் வாரத்தில் ஒரு நாளாவது கூட்டிப்போங்கள். அதுவும் ஸதகாதான்.

மூன்று: உம்மாமார்களே, மார்பில் கட்டி, மாதவிடாய் நின்ற பிறகு இரத்தப்போக்கு என்றால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். பெண் டாக்டர் வேண்டுமென்று கேட்கலாம். நாள் கடத்தத்தான் கூடாது.

அல்லாஹ் நோயாளிகள் அனைவருக்கும் ஷிஃபாவைத் தருவானாக. அவர்களைச் சுமந்து வருபவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.