மனக்கோட்டையும் மனக்கோயிலும்

(கும்பாபிஷேகத்தை அடுத்து, மண்டலாபிஷேக நிறைவு நாளன்று திருக்கோயில் மண்டபத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாற்பத்தெட்டு நாட்களாக நடைபெற்று வந்த மண்டலாபிஷேகம் இன்று நிறைவெய்துகின்றது. விமானத்தின்மீது புதுக்கலசம் வெயிலில் ஒளிர்கின்றது. சில ஆண்டுகளுக்கு முன் இதே விமானத்தில் அரசங்கன்று வேரோடி நின்றதையும், மழைக்காலத்தில் அர்த்தமண்டபத்துள் நீர் ஒழுகியதையும் கண்டவர்கள் இங்கே பலர் அமர்ந்திருக்கின்றீர்கள். "இக்கோயிலுக்கும் ஒரு நாள் குடமுழுக்கு நடவாதா?" என்று ஏங்கியவர்களும் நீங்களே. அந்த ஏக்கம் எவ்வாறு கலசமாக மாறிற்று என்பதை எண்ணிப் பார்ப்பதற்கு இன்றைய நாளே ஏற்ற நாள். அதைப் பற்றியே எளியேன் சில சொல்ல விழைகின்றேன்.

நம் தமிழில் 'மனக்கோட்டை' என்றொரு சொல் உண்டு. நடவாதவற்றை எண்ணி மகிழ்ந்து பொழுது போக்குவானைப் பார்த்து, "மனக்கோட்டை கட்டுகின்றான்" என்று ஊரார் நகைப்பர். அதே தமிழில் 'மனக்கோயில்' என்றொரு சொல்லும் உண்டு. அதைக் கட்டியவரை நாம் நாயனார் என்று கைகூப்புகின்றோம். கோட்டைக்கும் கல் இல்லை. கோயிலுக்கும் கல் இல்லை. இரண்டும் எழுந்த இடம் மனமே. அங்ஙனமாக, ஒன்று நகைப்புக்கும் மற்றொன்று வணக்கத்துக்கும் உரியதானது ஏன்? இவ்வினாவுக்கு விடை கண்டுவிட்டால், நம் கனவுகளை என் செய்வது என்பதற்கும் விடை கிடைத்துவிடும்.

பூசலார் நாயனார் வரலாற்றை நீங்கள் எல்லீரும் அறிவீர்கள். திருநின்றவூரில் வாழ்ந்த அந்தணர் அவர். சிவபெருமானுக்குத் திருக்கோயில் ஒன்று எடுக்க வேண்டும் என்பது அவர் கொண்ட பேராசை. அதன் பொருட்டு அவர் முதலிற் செய்தது யாது? மனத்துள் கட்டத் தொடங்கவில்லை. பொருள் தேடிப் புறப்பட்டார். பல இடங்களிலும் முயன்றார். சிறிதும் கிட்டவில்லை. அதன் பின்னரே, "இனி நினைவினாலேயே எடுப்பேன்" என்று துணிந்தார் எனச் சேக்கிழார் பெருமான் கூறுகின்றார். இவ்வரிசையை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம். கால்கள் நடந்து களைத்த பிறகு தோன்றிய கோயில் அது. நடக்க மனமில்லாமையால் தோன்றியதன்று. குறிக்கோளை அவர் கைவிடவில்லை. தம்மால் இயலும் வழியை மட்டுமே மாற்றிக்கொண்டார்.

அவர் கட்டிய முறையையும் நோக்குங்கள். மனத்திலே கட்டுவது தானே, ஒரு நொடியில் ஆயிரம் தூண்களை நிறுத்தியிருக்கலாம்; யார் தடுப்பார்? அவர் அங்ஙனம் செய்யவில்லை. வேண்டும் பொருள்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தார். தச்சரைத் தேர்ந்தார். நல்ல நாள் பார்த்து, ஆகம விதிப்படி அடிநிலை இட்டார். இரவிலும் கண் துயிலாது பணி செய்தார். அடியிலிருந்து முடிவரை வரிசை பிறழாமல் விமானத்தை உயர்த்தித் தூபி நாட்டினார், சுதை பூசினார், கிணறு தோண்டினார், மதில் எடுத்தார், குளம் அகழ்ந்தார். எல்லாம் முடிந்த பின், பெருமானை எழுந்தருளச் செய்வதற்கு ஒரு நாளையும் குறித்தார். மனத்திற் கட்டும் கோயிலுக்குக் கிணறு எதற்கு என்று நாம் கேட்போம். வழிபாடு நடக்க வேண்டிய கோயிலுக்கு நீர் வேண்டாவோ என்பது அவர் கருத்து. ஒரு படியையேனும் தாவாதவர் அவர். இதுவே மனக்கோட்டைக்கும் மனக்கோயிலுக்கும் உள்ள வேற்றுமை. கோட்டை கட்டுவோன் முடிவை மட்டுமே காண்கின்றான். கோயில் கட்டுவோன் முதற்கல்லைக் காண்கின்றான்.

அதே நாளைக் காஞ்சியிலே தான் எடுத்த கற்றளியின் பிரதிட்டைக்குக் காடவர் கோமானும் குறித்திருந்தான். கயிலாசநாதர் கோயிலைக் கட்டிய இராசசிம்மனே அம்மன்னன் என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். இறைவன் அவன் கனவில் தோன்றி, பூசலார் எடுத்த ஆலயத்துள் நாளை நாம் புகுவோம், உன் பணியைப் பின்னொரு நாளில் வைத்துக்கொள்வாயாக என்று அருளினான். இங்கே ஒன்று கருதத் தக்கது. அரசன் கண்டது உறக்கத்தில் வந்த கனவு. பூசலார் கண்டது உறங்காமற் கண்ட கனவு. உறங்காமற் கண்டதற்கே முதன்மை கிடைத்தது.

"மனத்திற் கட்டியதையே இறைவன் ஏற்றான் எனில், நாம் ஏன் நன்கொடைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடுவீடாக அலைந்தோம்?" என்று இளைஞர் சிலர் கேட்கக் கூடும். நியாயமான கேள்வியே. கை இருப்பவன் கையாற் செய்தல் வேண்டும். இறைவன் அரசனுடைய கற்றளியை வேண்டா என்று தள்ளவில்லை. நாளை மட்டுமே மாற்றினான். கையால் இயல்வதை மனத்தால் செய்துவிட்டேன் என்பது பக்தி ஆகாது. அது சோம்பலுக்கு இட்ட திருநாமம்.

கையால் செய்தார் எவ்வாறு செய்தனர் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் சான்று. முதலாம் இராசராசன் தன் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டில், 275ஆம் நாளில், அதாவது கி.பி. 1010இல், விமானத்தின்மீது வைப்பதற்குச் செப்புக்குடம் அளித்தான் என்று கல்வெட்டு நாள் முதற்கொண்டு கூறுகின்றது. அவ்வளவு பெரிய கனவைக் கண்டவன், அங்கே எரியும் ஒரு சிறு விளக்கையும் கணக்கில்லாமல் விடவில்லை. ஒரு விளக்குக்கு நாள்தோறும் உழக்கு நெய். அந்நெய்க்குத் தொண்ணூற்றாறு ஆடுகள், அல்லது நாற்பத்தெட்டுப் பசுக்கள், அல்லது பதினாறு எருமைகள். அவற்றை ஏற்றுப் பேண இன்ன இடையர் என்று கல்லிலே பொறித்தான். இத்தகைய ஆடுகளைக் கல்வெட்டுக்கள் 'சாவா மூவாப் பேராடு' என வழங்கும். ஆடுகள் சாவதில்லை என்பது பொருளன்று. மூத்தது கழியக் குட்டி வந்து நிரப்பி, எண்ணிக்கை குறையாமல் நிற்கும் என்பதே பொருள். "விளக்கு என்றும் எரிக" என்று எல்லோரும் வாழ்த்தலாம். ஆனால் என்றும் எரிவதற்கு இத்தனை ஆடு வேண்டும் என்று எண்ணிக் கொடுத்தவனே விளக்கேற்றியவன் ஆகின்றான்.

"அவன் பேரரசன்; நாமோ சம்பளத்துக்கு உழைப்பவர்" என்பீராயின், நமக்கு அண்மையிலே வாழ்ந்த ஒருவரைக் காட்டுவேன். மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1880ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டார். சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று முதலியார் வினவ, இல்லை என்று ஐயர் உண்மையை ஒப்புக்கொண்டார். அன்று தொடங்கியது அவருடைய பணி. பழந்தமிழ் நூல்கள் அனைத்தையும் காப்பேன் என்று அவர் முழங்கவில்லை. ஒரு நூலைக் கையில் எடுத்தார். தம் சமயம் வேறாயினும், சமண நூலின் பொருளை உணரும் பொருட்டுச் சமணர் இல்லம் தேடிச் சென்று பணிவுடன் கேட்டார். ஏடுகளைத் தேடித் தொகுத்து ஒன்றோடொன்று ஒப்பு நோக்கினார். கல்லூரி வேலையும் நடந்தது. ஏட்டு வேலையும் நடந்தது. 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. அதன் பின் 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு என ஒவ்வொன்றாக வெளிவந்தன. முதல் நூல் முடிந்தமையால் இரண்டாம் நூல் எளிதாயிற்று.

இனி என் குறை ஒன்றை உங்கள் முன் வைத்தல் வேண்டும். பிறர்க்கு உரைக்க வந்தவன் தன்னை மறைத்தல் தகாது.

இளமையில் எனக்கும் ஒரு கனவு இருந்தது. எங்கள் ஊரில் தேவாரப் பாடசாலை ஒன்று நிறுவ வேண்டும். நூறு பிள்ளைகள் தங்கிப் பயில வேண்டும். அதற்குக் கூடமும், அன்னசாலையும், நூலகமும் அமைய வேண்டும் என்று எண்ணினேன். தாளில் வரைபடம் கூட எழுதி வைத்தேன். அக்காலத்தில் எங்கள் கோயிலில் முதிய ஓதுவார் ஒருவர் இருந்தார். வேறெங்கும் யான் கேட்டிராத முறையிற் சில பதிகங்களைப் பண்ணோடு பாடுவார். "பாடசாலை எழட்டும், முதல் ஆசிரியர் நீங்களே" என்று சொல்லுவேன். அவரும் சிரித்துத் தலையசைப்பார். நிலம் வாங்கப் பணமில்லை என்று ஓராண்டும், துணை நிற்பார் இல்லை என்று ஓராண்டுமாகப் பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. ஒரு மார்கழி வைகறையில் அவர் காலமானார் என்ற செய்தி வந்தது. கோயில் வாயிலில் நெடுநேரம் நின்றேன். அவர் பாடிய முறை அவரோடு போயிற்று. அதைக் கற்றவர் ஒருவரும் இலர், யானும் கற்றிலேன். நூறு பிள்ளைகளுக்குக் காத்திருந்து, ஒரு பிள்ளைக்கும் அதைக் கிடைக்காமற் செய்தவன் யானே.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை என் வீட்டுத் திண்ணையில் ஒரு பாய் விரித்தேன். ஐந்து பிள்ளைகள் வந்தனர். எனக்குத் தெரிந்த ஒரே பதிகத்தைச் சொல்லிக் கொடுத்தேன். அடுத்த கிழமை, பக்கத்து ஊர் ஓதுவாரை வேண்டி அழைத்து வந்தேன். இன்றும் கூடம் இல்லை, அன்னசாலை இல்லை, திண்ணைதான் இருக்கின்றது. ஆயினும் இன்று காலை இச்சந்நிதியில் நின்று ஓதிய பிள்ளைகளுள் மூவர் அத்திண்ணையில் பயின்றவர்கள். அவர்கள் ஓதியபோது என் கண்கள் கலங்கியதற்கு மகிழ்ச்சி மட்டும் காரணம் அன்று என்பதை இப்போது நீங்கள் அறிந்துகொண்டீர்கள்.

அன்பர்களே! உங்கள் ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஏதேனும் ஒரு கனவு இருக்கும். மகளைப் படிக்க வைக்கும் கனவு, கடனைத் தீர்க்கும் கனவு, வறண்ட குளத்தைத் தூர் வாரும் கனவு என அது எதுவாயினும் ஆகுக. இறைவனிடம் அதை விண்ணப்பித்துக்கொள்ளுங்கள்; தவறில்லை. ஆனால் விண்ணப்பத்தோடு ஒரு கணக்கும், ஒரு நாளும், முதற்கல் ஒன்றும் சேரட்டும். இயலாத அளவாயின் சிறிதாக்கிக்கொள்ளுங்கள். சிறிதாக்குவது தோல்வி ஆகாது. நாளைக்கு என்று தள்ளுவதே தோல்வி. நாம் காத்திருக்கலாம், நமக்குக் கற்றுத் தர வேண்டியவர்கள் காத்திரார்.

இத்திருப்பணி முதன்முதல் எவ்வாறு தொடங்கிற்று என்று திருப்பணிக் குழுவினரை நேற்றுக் கேட்டேன். "விமானத்தில் இருந்த அரசங்கன்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை நால்வர் ஏறிப் பிடுங்கினோம்" என்றனர். அதுவே இக்கலசத்தின் முதற்கல்.

மனத்திலே கோயில் கொள்ளும் பெருமான், நம் கைகளிலும் கால்களிலும் நின்று நம் நல்லெண்ணங்களை நிறைவேற்றுவானாக.