கண்டவருக்கா, புரிந்துகொண்டவருக்கா?

வானொலி வால்வின் புகழ் லீ டி ஃபாரஸ்டுக்கே என்கிறது எதிரணி. ஃபிளெமிங் 1904இல் செய்த வால்வில் சூடான இழையும் தகடும்தான் இருந்தன. இடையே வலைக்கம்பியை நுழைத்தவர் டி ஃபாரஸ்ட், மறுப்பதற்கில்லை. வலையில் படும் சிறு மின்னழுத்தம், தகட்டுக்குப் பாயும் பெரிய மின்னோட்டத்தை ஆட்டிவைத்தது, தண்ணீர்க் குழாயின் திருகைப் போல.

அது எப்படி வேலை செய்தது? உள்ளே மிஞ்சிய வாயுவால் என்று நம்பினார் அவர். நேர்மாறு! லாங்முயர், அர்னால்டு போன்றோர் வாயுவை நன்றாக உறிஞ்சி எடுத்த பிறகே வால்வு உருப்படியான பெருக்கியானது. 1915இல் நியூயார்க்கின் குரல் தொலைபேசியில் சான்பிரான்சிஸ்கோவை எட்டியது அதனால்தானே!

கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் ஆர்ம்ஸ்ட்ராங், 1912இல் தகட்டிலிருந்து வந்த அலையில் ஒரு பங்கை வலைக்கே திருப்பி ஊட்டினார். ஒலி பன்மடங்கானது. அவர்தான் வால்வின் சூட்சுமத்தைப் புரிந்துகொண்டவர். ஆனால் டி ஃபாரஸ்ட் அதற்கும் உரிமை கோரினார். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 1934இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. இந்தக் கண்டுபிடிப்புக்காகப் பெற்ற பதக்கத்தை வானொலிப் பொறியாளர் கழகத்திடம் திருப்பித் தரச் சென்றார் ஆர்ம்ஸ்ட்ராங். தொழில் தெரிந்தவர்கள் அல்லவா? வாங்க மறுத்துவிட்டார்கள்.