பிள்ளைகள் குறைவது எதனால்?
(தோட்டத் தாய்மார் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



"அந்தக் காலத்துல ஒரே காம்பராவுல எட்டுப் பிள்ளை வளந்துச்சு. இப்ப ரெண்டோட நிப்பாட்டிர்றாங்க" என்று நம் பாட்டிமார் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். சிலர் இது நல்லது என்கிறார்கள். சிலர், "நம்ம சனம் கொறஞ்சு போகுதே" என்று கவலைப்படுகிறார்கள். யார் சொல்வது சரி என்று பார்க்குமுன், இது ஏன் நடக்கிறது என்று விளங்கிக்கொள்வோம்.

எட்டுப் பிள்ளை பெற்றவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று நினைக்காதீர்கள். 1946இல் இலங்கையில் பிறந்த 1000 குழந்தைகளில் ஏறத்தாழ 140 குழந்தைகள் ஒரு வயது நிறையுமுன் இறந்தன. அதற்குப் பிறகும் தோட்டங்களில் இந்தச் சாவு நாட்டுச் சராசரியை விட நெடுங்காலம் அதிகமாகவே இருந்தது. எத்தனை தங்கும் என்று தெரியாத தாய் கூடுதலாகப் பெற்றாள். பிள்ளை கொஞ்சம் வளர்ந்தால் பேர் பதிந்து மலைக்கு அனுப்பலாம், வீட்டுக்கு இன்னொரு சம்பளம் வரும். வயசு போன காலத்தில் கஞ்சி ஊத்தவும் ஆள் வேண்டும். அன்றைக்கு அது சரியான கணக்கு.

பிறகு கணக்கு மாறியது. மலேரியா அடங்கியது. தடுப்பூசி வந்தது. இன்று நாட்டில் ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்குப் பத்து அளவில்தான். 1970களில் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது; பெண்பிள்ளைகளும் மேல் வகுப்புக்குப் போனார்கள். 1984இல் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வந்தது. நாடு முழுவதும் கலியாண வயதும் ஏறியது. 1981இல் பெண்களுக்குச் சராசரி 24 வயது. கலியாணம் பிந்தினால் பிள்ளையும் குறையும். பெற்ற பிள்ளை தங்கும் என்ற நம்பிக்கை வந்ததும், தாய்மார் தாங்களாகவே குறைத்துக்கொண்டார்கள். இது நல்ல வழி.

ஆனால் பிறப்பு குறைய வேறு வழியும் உண்டு. 1973, 74இல் மாவுக்கும் அரிசிக்கும் தட்டுப்பாடு வந்தபோது தோட்டங்களில் சாவு கூடியது. அந்த ஆண்டுகளில் நாட்டில் பிறப்பும் குறைந்தது. 2022இன் பொருளாதார நெருக்கடியை நாமே பட்டோம். 2013இல் நாட்டில் மூன்றரை இலட்சத்துக்கு மேல் பிறப்புகள் பதிவாயின. 2024இல் சுமார் 2 இலட்சத்து 20 ஆயிரம்தான். இதில் விரும்பிக் குறைத்தவர்களும் உண்டு. பால்மா விலையைப் பார்த்துப் பயந்தவர்களும், வெளிநாடு போனவர்களும் உண்டு. எண்ணிக்கை குறைந்தது என்பதை மட்டும் வைத்து முன்னேறிவிட்டோம் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது வழி, காசு. 1980இல் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்பவர்களுக்கு அரசாங்கம் 500 ரூபா வரை கொடுத்தது. பசிக்கிற வீட்டில் அன்று 500 ரூபா எவ்வளவு பெரிய காசு! காசுக்காக எடுத்த முடிவை விரும்பி எடுத்த முடிவு என்று சொல்லலாமா?

தாய்மார்களே, இதை மனதில் வையுங்கள். மாத்திரை, ஊசி, லூப், ஆணுறை எல்லாம் நிறுத்தக்கூடியவை. சத்திரசிகிச்சை நிரந்தரம். ஆண்களுக்கும் சத்திரசிகிச்சை உண்டு. அது பெண்களுடையதை விடச் சிறியது. உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் தமிழில் விளக்கம் கேளுங்கள். வாசிக்கத் தெரியாத பாஷையில் இருக்கிற தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டாம்.

இனி, இதனால் சமுதாயத்துக்கு என்ன வரும்? பிள்ளை இரண்டு என்றால் இரண்டையும் உயர்தரம் வரை படிக்க வைக்கலாம். அது பெரிய இலாபம். ஆனால் முதியவர்களின் பங்கு கூடும். 2012இல் இந்நாட்டில் நூறு பேரில் எட்டுப் பேர் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். 2024இல் ஏறத்தாழ பதின்மூன்று பேர். அந்த இரண்டு பிள்ளைகளும் வேலைக்குக் கொழும்புக்குப் போய்விட்டால், காய்ச்சல் கண்ட கிழவிக்குச் சுடுதண்ணி வைக்க யார் இருப்பார்கள்? "மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்" என்று சும்மா இருக்க முடியாது.

ஆகவே உங்கள் சேமலாப நிதியைக் கவனியுங்கள். சம்பளத்தில் உங்கள் பங்கு 8 வீதம், தோட்டத்தின் பங்கு 12 வீதம். நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் தனியாக 3 வீதம் கட்ட வேண்டும். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் சேமலாபப் பணத்தைப் பெறலாம். பெயரும் அடையாள அட்டை இலக்கமும் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஓய்வு பெறும் நாளில் பிழை தெரிந்தால் அலைச்சல்தான். பிள்ளைக் காம்பராவை நல்லபடி நடத்தச் சொல்லிக் கேட்பது போல, முதியோருக்கும் தோட்டத்தில் ஓர் ஏற்பாடு வேண்டும் என்று கேளுங்கள்.

ஒன்றா மூன்றா என்பதை வீட்டில் புருஷனும் மனைவியும் பேசி முடிவெடுக்கட்டும். பயமோ காசோ அந்த முடிவை எடுக்கக் கூடாது. பிறந்த பிள்ளைக்குப் படிப்பும், பெற்றவர்களுக்கு வயசான காலத்தில் ஆதரவும் கிடைக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது நம் எல்லோர் பொறுப்பு.