வீட்டுக் கல்வியில் பாட்டும் சித்திரமும்



தொழில் நிமித்தமாகத் தாயகம் விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர்களுள், குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் இல்லத்திலேயே கற்பிக்கும் பெற்றோர் சிலர் உளர். அடிக்கடி ஊர் மாற்றும் உத்தியோகம், குழந்தையின் உடல்நிலை, பெற்றோரின் கொள்கை எனக் காரணங்கள் பல. அவற்றின் நன்மை தீமைகளை ஆராய்வது இன்றைய பேச்சின் நோக்கமன்று. அத்தகைய இல்லங்களில் பாட்டுக்கும் சித்திரத்துக்கும் இடம் தேடுவதே நோக்கம்.

வீட்டுக் கல்வியின் நேரப்பட்டியலில் கணக்கும் ஆங்கிலமும் அறிவியலும் முதலில் அமர்ந்துவிடுகின்றன. பாட்டும் சித்திரமும் 'நேரம் மிஞ்சினால்' என்னும் கடைசி வரிசையில் காத்து நிற்கின்றன. நேரமோ ஒருநாளும் மிஞ்சுவதில்லை. பள்ளியிலாவது மணி அடித்தால் சித்திர ஆசிரியர் வந்து நிற்பார். வீட்டில் மணி அடிப்பார் எவர்? ஆகவே, இவ்விரண்டுக்கும் நேரத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, ஏனையவற்றை அவற்றைச் சுற்றி அமைப்பதே வழி.

இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டு கொல்கத்தாவில், ஜோராசாங்கோ மாளிகையில் உண்டு. 1861ஆம் ஆண்டில் பிறந்த இரவீந்திரநாத தாகூர், பள்ளிகளில் மனம் ஒன்றாமல் பெரும்பாலும் வீட்டிலேயே கற்றவர். விடியுமுன் மல்யுத்தம், பின்னர்ப் பாடங்கள், மாலையில் உடற்பயிற்சி, சித்திரம் என அவருடைய சிறுவயது நாள் வகுக்கப்பட்டிருந்தது. அவ்வேற்பாட்டைச் செய்த தமையனார் ஹேமேந்திரநாதர், ஆங்கிலத்துக்கு முன்னே தாய்மொழியாகிய வங்காளத்தில் பயிற்றுவித்தார். அந்நன்மையைத் தாகூர் பிற்காலத்தில் நன்றியுடன் நினைவுகூர்ந்தார். ஆயினும் இசை அவருள் ஊறியது பாட்டு வாத்தியாரால் மட்டும் அன்று. வீடு முழுவதும் எந்நேரமும் ஒலித்த பாட்டே அவரை வளர்த்தது. சித்திரமோ முதுமையில்தான் பொங்கி எழுந்தது. 1930இல் பாரிசு நகரில் அவருடைய ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது அவர் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். இளமையில் இட்ட விதை எப்போது முளைக்கும் என்று எவராலும் சொல்ல இயலாது. இடாத விதை முளைப்பதில்லை என்பது மட்டும் திண்ணம்.

இனி, செய்யும் முறையைக் காண்போம். பாட்டும் சித்திரமும் ஒரே வகையான நேரத்தை வேண்டுவன அல்ல. பாட்டுக்குத் தேவை சிறிது நேரம், ஆனால் நாள்தோறும். சித்திரத்துக்குத் தேவை நீண்ட நேரம், வாரம் ஒரு முறையாயினும் போதும். வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் பாடுவதைக் காட்டிலும், நாள்தோறும் காலையில் 20 நிமிடம் பாடுவது குரலுக்கும் நினைவுக்கும் நலம். சித்திரமோ தாளை விரித்து, வண்ணம் கரைத்து, அது உலரக் காத்திருந்து, பின் தூரிகைகளைக் கழுவி வைக்கும் வேலை. அதை அரைமணியில் அடைத்தால் குழந்தைக்கும் அன்னைக்கும் எரிச்சலே மிஞ்சும். சனிக்கிழமை முற்பகல் முழுவதையும் அதற்கே விட்டுவிடலாம்.

கருநாடக இசையின் தொடக்கப் பாடங்கள் வீட்டுக் கல்விக்கென்றே வகுத்தவை போல் அமைந்திருக்கின்றன. புரந்தரதாசர் வகுத்ததாக மரபு கூறும் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் ஆகியவை 15ஆவது மேளமாகிய மாயாமாளவகௌளையில் பயிலப்படுகின்றன. சரளி வரிசையை ஆதி தாளத்தில் மூன்று காலங்களில் பாடும் சிறுவன், ஓர் அட்சரத்துக்கு ஒன்று, இரண்டு, நான்கு என்று சுரங்களை அடுக்கும்போது, தான் பெருக்கல் பயில்வதை அறியாமலே பயில்கிறான். அலங்காரங்களின் ஏழு தாளங்களில் ஏக தாளத்துக்கு 4 அட்சரம், ரூபகத்துக்கு 6, திரிபுடைக்கு 7, மட்டியத்துக்கும் ஜம்பைக்கும் 10, துருவத்துக்கும் அடதாளத்துக்கும் 14. இவற்றைக் கையால் எண்ணிப் பழகிய பிள்ளைக்குக் கணக்கு அச்சம் தருவதில்லை. ஆகையால் கணக்கு வேளைக்குச் சற்று முன்பே பாட்டு வேளையை வைத்தல் பொருத்தம்.

ஆசிரியருக்கு எங்கே போவது என்று கேட்கலாம். பெருநகரங்களில் சபைகளும் தமிழ்ச் சங்கங்களும் உள்ளன. சிற்றூர்களில் இருப்போர் கணினி வழியாகத் தொலைவிலிருந்து கற்கின்றனர். அம்முறையில் ஓசை சற்றுத் தாமதித்து வந்து சேருவதால், ஆசிரியரும் மாணவரும் ஒருசேரப் பாடுதல் இயலாது. ஆசிரியர் பாடி நிறுத்தியபின் மாணவர் பாடுவதும், பாடியதைப் பதிவு செய்து அனுப்பித் திருத்தம் பெறுவதுமே தக்க வழி. சுருதியை வீட்டிலேயே ஒலிக்கவிட வேண்டும். குழந்தையின் குரலுக்கு இசைந்த சுருதியே சுருதி. உயரப் பாடச் சொல்லி வருத்துதல் ஆகாது.

அருகில் இந்துஸ்தானி ஆசிரியர் மட்டுமே இருந்தால் அவரிடமே அனுப்புவதில் குறை இல்லை. அங்கே பூப் எனக் கற்பது நம் மோகனம். மால்கௌன்ஸ் நம் இந்தோளம். யமன் நம் கல்யாணிக்கு உறவு. மாலையில் பத்து நிமிடம் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கச் செய்தால், ஒரே வித்து இரு மண்ணில் எவ்வாறு வளர்ந்தது என்பதைக் குழந்தை தன் செவியாலேயே உணரும்.

சித்திரத்துக்கு வருவோம். நம் இல்லங்களில் விலையில்லாத சித்திரப் பாடம் ஒன்று வாசலிலேயே இருக்கிறது, அதுவே கோலம். மாடிக் குடியிருப்பில் வாசல் இல்லையெனில் கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் போதும். புள்ளிகளை வரிசையாக வைத்து, அவற்றைச் சுற்றி வளைந்து சென்று, தொடங்கிய இடத்திலேயே முடியும் சிக்குக் கோலம் கைக்கு உறுதியும் கண்ணுக்கு ஒழுங்கும் தரும். அதனுடன், வாழும் நாட்டின் கலையையும் கற்பிக்க வேண்டும். வங்கத்து ஆல்பனா, மிதிலையின் சுவர்ச் சித்திரம், மகாராட்டிரத்து வார்லி ஆகியவை யாவும் கோலத்தைப் போல் வீட்டுச் சுவரிலும் தரையிலும் பிறந்த கலைகளே. அண்டை வீட்டு அம்மையார் ஆல்பனா கற்பிக்க, நம் வீட்டுச் சிறுமி அவர் பேத்திக்குக் கோலம் கற்பிக்கலாம். பள்ளித் தோழமை வாய்க்காத குழந்தைக்கு இதனால் ஒரு தோழியும் கிடைப்பாள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: குழந்தை வரைந்ததைப் பெரியவர் கைப்பற்றித் திருத்தி அழகுபடுத்தலாகாது. யானை பூனையைப் போல் இருந்தாலும் அது குழந்தையின் யானை.

தேர்வு வயது நெருங்கும்போது இவற்றை நிறுத்திவிடும் பெற்றோர் பலர். அவர்கள் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1989இல் அமைந்த தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பத்தாம் வகுப்பு நிலைப் பாடங்களில் ஓவியமும், கருநாடக இசையும், இந்துஸ்தானி இசையும் இடம்பெற்றுள்ளன. வீட்டில் கற்கும் பிள்ளை இவற்றையே தேர்வுப் பாடமாகவும் எடுக்கலாம்.

நிறைவாக, நமக்கே உரியதொரு காரணம். வெளிமாநிலத்தில் வளரும் நம் குழந்தைக்குத் தெருவில் ஒரு மொழி, பாடத்தில் ஒரு மொழி. தமிழோ 'சாப்பிட்டாயா, தூங்கினாயா' என்ற அளவோடு நின்றுவிடுகிறது. எழுத்தை மறந்த நாவும் பாட்டை மறப்பதில்லை. ழகரமும் ளகரமும் றகரமும் அடித்துத் திருத்தி வருவன அல்ல; பாடப் பாட வருவன. அருணகிரியாரின் சந்தமோ, பாரதியின் பாட்டோ, வேதநாயக சாத்திரியாரின் கீர்த்தனையோ, குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடலோ, அவரவர் இல்லத்துக்கு உகந்ததைத் தேர்ந்து, வாரம் ஒரு பாட்டைப் பொருள் சொல்லிக் கற்பித்தால், ஆண்டு முடிவில் ஐம்பது பாட்டளவு தமிழ் அக்குழந்தையின் உடைமையாகும். உத்தியோகம் எந்த ஊருக்கு மாற்றினாலும், பெட்டியில் கட்ட வேண்டாத செல்வம் அது.

நாளைக் காலை நேரப்பட்டியல் எழுதும் அன்னையரும் தந்தையரும், முதல் வரியில் பாட்டு என்று எழுதட்டும். கணக்குக்கு இடம் தானே கிடைக்கும்.