படித்த துறையும் பார்க்கும் வேலையும்



யாருடைய நினைவில் இன்று கூடியிருக்கிறோமோ, அந்த மூத்த தோழர் வேதியியலில் பட்டம் பெற்றவர். பணி ஓய்வு பெறும்வரை வருவாய்த் துறையில் எழுத்தராக இருந்தார். கல்லூரியை விட்டு வந்தபின் ஒரு சோதனைக்குழாயைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் 'அ' பதிவேட்டைப் படித்து, எந்தப் பஞ்சமி நிலம் யார் கையில் இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர். அவர் எழுதிக் கொடுத்த மனுவால் பட்டா வாங்கிய குடும்பங்கள் இந்த அரங்கிலேயே இருக்கின்றன. ஆகவே, படித்த துறையில்தான் ஒருவர் வேலை பார்க்க வேண்டுமா என்ற கேள்வியை அவர் பெயரிலான சொற்பொழிவில் எடுத்துக்கொள்வது பொருத்தம் என்று நினைத்தோம்.

தன்னம்பிக்கைப் பேச்சாளர்களிடம் இதற்குச் சுலபமான பதில் இருக்கிறது. பட்டம் ஒரு நுழைவுச்சீட்டு, எந்தத் துறையிலும் சாதிக்கலாம் என்பார்கள். கைதட்டு கிடைக்கும். இன்னொரு பக்கம், அரசு செலவில் என்ஜினியரிங் படித்துவிட்டு குரூப் 4 எழுதுகிறார்களே, இடம் வீணாகிறதே என்று தலையங்கம் எழுதுகிறவர்கள். வீணாகிறது என்ற சொல் இடஒதுக்கீட்டில் படித்தவர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர்களுக்குக் கூடுதலாக வாயில் வரும். மற்றவர் வீட்டுப் பிள்ளை ஐஐடியில் உலோகவியல் படித்துவிட்டு வங்கி முதலீட்டு வேலைக்குப் போனால் அது திறமை.

கொள்கையாகப் பார்த்தால், ஒருவர் கற்ற தொழிலிலேயே கட்டுண்டு கிடக்க வேண்டும் என்று நாம் சொல்ல முடியாது. தொழிலை மாற்றிக்கொள்ளும் உரிமைக்காகத்தான் நம் முன்னோர் போராடினார்கள். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமில்லை, வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்கிவைப்பது என்று 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் அம்பேத்கர் காட்டினார். அதே இடத்தில் அவர் சொன்ன இன்னொன்றை நாம் போதிய அளவு பேசுவதில்லை. தொழில்கள் மாறும், சில நசியும், சில புதிதாக வரும். அதற்கேற்ப மனிதரை இடம்மாற விடாததால் சாதியே வேலையின்மைக்கு நேரடிக் காரணம் ஆகிறது என்பது அவர் வாதம். பொருளாதாரம் படித்தவரின் வாதம் அது. 1953இல் சென்னை மாநிலத்தில் அரைநாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்று ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்ததும் இதனால்தான். அடுத்த ஆண்டே அது கைவிடப்பட்டது.

அப்படியானால் வழி மாறிப் போவதில் குற்றமில்லை. ஆனால் தானாக வெளியேறியவரையும் உள்ளே விடப்படாதவரையும் ஒரே கணக்கில் எழுதுவதை நாம் ஒப்புக்கொள்ளக் கூடாது.

அண்ணலையே எடுத்துக்கொள்வோம். பொருளாதாரம் படித்துவிட்டுச் சட்டத்தில் சாதித்தார் பாருங்கள் என்று அவரையும் தன்னம்பிக்கை உதாரணமாக்கிவிட்டார்கள். நடந்தது என்ன? 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா போனார். திரும்பி வந்து பத்தாண்டு பரோடா அரசில் பணிபுரிய வேண்டும் என்பது ஒப்பந்தம். 1917இல் போய்ச் சேர்ந்தார். ஊரில் தங்க இடமில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து நின்றார்கள். அலுவலகத்தில் கடைநிலை ஊழியர்கள் கோப்பைக் கையில் கொடுக்காமல் எறிந்தார்கள். வேலையை விட்டு பம்பாய் திரும்பினார். சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர் ஆனார்; அங்கே ஆசிரியர்களின் பொதுத் தண்ணீர்ப் பானையை அவர் தொடக்கூடாது என்று சக பேராசிரியர்கள் முறையிட்டார்கள். 1923இல் ரூபாயின் சிக்கல் பற்றி நூல் வெளியிட்டவர் அவர். 1925இல் நாணயம் பற்றிய அரசக் குழுவின் முன் சாட்சியம் சொன்னவர். அவர் பொருளாதாரத்தை விடவில்லை. பொருளாதார அறிஞராக அமர்ந்து வேலை பார்க்க வேண்டிய நாற்காலியை இந்தச் சமூகம் அவருக்குத் தரவில்லை. இதைச் சொல்லாமல் அவரை உதாரணம் காட்டுவது பாதிக் கதை.

இன்று தண்ணீர்ப் பானை இல்லை. வேறு இருக்கிறது.

முதலில், 'என் துறை' என்பதே நம் பிள்ளைகளில் எத்தனை பேர் தேர்ந்தெடுத்தது? கலந்தாய்வில் கட்-ஆஃப் வரிசையில் உள்ளே போகும்போது எந்தக் கல்லூரியில் எது மிஞ்சியிருக்கிறதோ, ஊரிலிருந்து எது பேருந்தில் போய்வரும் தூரமோ, எங்கே விடுதி உண்டோ அதுதான் துறை. தமிழ்வழியில் படித்து வந்தவர் முதல் இரண்டு செமஸ்டரில் அரியர் வைக்கிறார். மூன்றாம் ஆண்டில் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார். ஆனால் கேம்பஸுக்கு வரும் நிறுவனம் அரியர் வரலாறே இருக்கக் கூடாது என்கிறது. கோர் கம்பெனி வருவது பெரிய கல்லூரிகளுக்கு. உதவித்தொகை வரவில்லை என்று சான்றிதழைப் பிடித்துவைத்துக்கொள்ளும் கல்லூரிகளும் உண்டு. மூலச் சான்றிதழ் இல்லாமல் எந்தத் துறையில் போய் நிற்பது?

இவற்றைத் தாண்டினாலும் பெயர் இருக்கிறது. ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு சாதி, மதப் பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள் சுக்தேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும். 2007இல் அந்த ஆய்வு வெளியானது. தலித் பெயருள்ள விண்ணப்பத்துக்கு அடுத்த கட்ட அழைப்பு வரும் வாய்ப்பு, ஆதிக்க சாதிப் பெயருள்ளதைப் போல மூன்றில் இரண்டு பங்குதான். நேர்காணலில் 'குடும்பப் பின்னணி என்ன' என்ற கேள்வி என்ன வேலை செய்கிறது என்பதை அஷ்வினி தேஷ்பாண்டேயும் கேத்ரின் நியூமனும் எழுதியிருக்கிறார்கள். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டதும் வாய் உலர்ந்துபோன அனுபவம் இங்கே பலருக்கு இருக்கும்.

இடஒதுக்கீடு இருப்பது அரசு வேலையில். தனியாரில் இல்லை. ஆகவே எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்தவர் கிராம நிர்வாக அலுவலர் தேர்வுக்குப் படிப்பது இயற்பியல்மேல் காதல் இல்லாததால் நடப்பதில்லை. திறந்திருக்கும் கதவு அது ஒன்று. 2019இல் நம் சட்டமன்றச் செயலகத்தில் 14 துப்புரவு, பெருக்குபவர் பணியிடங்களுக்கு நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். அதில் பொறியியலும் மேலாண்மையும் படித்தவர்கள் இருந்தார்கள். எந்த வேலையிலிருந்து வெளியேறத் தாத்தா பேரனைப் பள்ளிக்கு அனுப்பினாரோ, அந்த வேலைக்கே பட்டத்தோடு திரும்பி வரும் நிலையை 'எந்த வேலையும் கேவலமில்லை' என்ற சொல்லால் மூடாதீர்கள்.

சட்டம் படித்தவர்களின் நிலையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இயக்கத்துக்கு அவர்கள் உடனடித் தேவை. வழக்கறிஞர் சட்டப்படி பதிவுக் கட்டணம் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய், மற்றவர்க்கு 750. பல மாநிலங்களில் பார் கவுன்சில்கள் வெவ்வேறு பெயர்களில் பல ஆயிரங்கள் வாங்கிவந்தன. சட்டத்தில் உள்ளதற்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில்தான் சொன்னது. பதிவு செய்தபின்? சீனியர் அலுவலகத்தில் ஜூனியராக ஓரிரு ஆண்டுகள் பேருந்துக் கட்டணம் மட்டும். அப்பா வழக்கறிஞராக இருப்பவருக்கு அது பயிற்சிக் காலம். கூலி வேலை பார்க்கும் அம்மாவின் மகளுக்கு அது பட்டினிக் காலம். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற இடங்களில் 15,000 குறைந்தபட்சம் தர வேண்டும் என்று அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நம் தோழர்களின் அலுவலகங்களிலாவது அது தரப்படுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். வன்கொடுமை வழக்கில் ஆஜராக ஆளில்லை என்று கூட்டம் போட்டுப் புலம்புகிறோம். படித்த பெண் நுகர்பொருள் நிறுவனத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்.

நம் பக்கத்தையும் சொல்லிவிடுவோம். நம் சேரிகளில் பாராட்டுப் பதாகை யாருக்கு வைக்கிறோம்? ஐஏஎஸ், ஐபிஎஸ், மிஞ்சினால் டாக்டர். மண்ணியல் ஆய்வில் முனைவர் பட்டம் வாங்கியவருக்கு யாரும் வைப்பதில்லை. 'எப்போ வேலைக்குப் போகப் போற' என்று கேட்கிறோம். அதிகாரத்தில் அமர்வது முக்கியம்தான். ஆய்வகத்திலும் கட்டட வடிவமைப்பிலும் பொருளாதாரத் துறையிலும் நம் ஆட்கள் இல்லாதது அதற்குக் குறைந்த இழப்பில்லை. நம்மைப் பற்றிய கணக்கைப் பிறர் எழுதிக்கொண்டே இருப்பார்கள்.

இதெல்லாம் எங்கே போய்த் தாக்குகிறது தெரியுமா? வீட்டுக்குள் இருக்கும் அடுத்த பிள்ளைமேல். "உங்க அக்கா பி.இ. படிச்சுட்டு ஜவுளிக் கடையிலதான நிக்கிறா, உனக்கு எதுக்குப் படிப்பு?" ஊர்க்காரர் கேட்கிறார், சில நேரம் சொந்தச் சித்தப்பாவே கேட்கிறார். பத்தாவது படிக்கும் தங்கைக்கு என்ன பதில் சொல்வது? படிப்பு அறிவைத் தரும் என்ற பொதுப் பேச்சு எடுபடாது. அக்காவை எந்த நிறுவனம், எந்தக் கட்டத்தில், என்ன சொல்லித் திருப்பி அனுப்பியது என்று சொல்ல முடிந்தால் அந்தக் கேலி அக்காவை விட்டு வேறு பக்கம் திரும்பும்.

அதனால் அரங்கின் பின்புற மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பெயர் வேண்டாம். ஊர், படித்தது, பார்க்கும் வேலை, உங்கள் துறையில் எத்தனை முறை முயன்றீர்கள், கடைசியாக எங்கே நின்றது என்று எழுதுங்கள். விருப்பப்பட்டே மாறியவர்கள் அதையும் எழுதுங்கள். விடுதி மாணவர்கள் தங்கள் அறைத் தோழர்களுடையதையும் கேட்டு எழுதி அனுப்பலாம். சான்றிதழ் சிக்கல் உள்ளவர்கள் உணவு இடைவேளையில் வழக்கறிஞர் தோழர்களைப் பாருங்கள். அவர்கள் இடப்பக்க வாசலருகே இருப்பார்கள்.

ஜெய்பீம்.