ஒலிவாங்கியும் அதன் இணைப்பும்

ஒரு காலத்தில் வானொலி நிலையத்திலும் திரைப்படக் கூடத்திலும் பொதுக்கூட்ட மேடையிலும் மட்டுமே காணப்பட்ட ஒலிவாங்கி, இன்று வீட்டு மேசைமீதும் வந்து அமர்ந்துவிட்டது. ஆசிரியர் பாடத்தைப் பதிவு செய்கிறார். இளைஞர் 'பாட்காஸ்ட்' என்னும் வலையொலி நடத்துகிறார். ஊர்த் திருவிழாவை நேரலையாக அனுப்புகிறார்கள். ஆயினும், விலை கொடுத்து மைக்கை வாங்குவோருள் பலர் அதன் கம்பியின் முனையில் உள்ள இணைப்பைப் பற்றி எண்ணிப் பார்ப்பதில்லை. அதனைப் பற்றியே இன்று சிறிது சிந்திப்போம்.

ஒலி என்பது காற்றின் அதிர்வு. அவ்வதிர்வை மின்னலையாக மாற்றுவதே ஒலிவாங்கியின் தொழில். இன்று பெருவழக்கில் உள்ளவை இரு வகை. முதல் வகையில், மெல்லிய சவ்வு ஒன்றுடன் கம்பிச்சுருள் ஒட்டப்பட்டிருக்கும். சவ்வு அதிரும்போது சுருள் காந்தப்புலத்தினுள் அசைந்து மின்சாரத்தைத் தோற்றுவிக்கும். மைக்கேல் பாரடே 1831-இல் கண்ட மின்காந்தத் தூண்டலே இதற்கு அடிப்படை. இதனை 'டைனமிக்' மைக் என்பர். உறுதியானது, தனியே மின்னூட்டம் வேண்டாதது.

இரண்டாவது, 'கண்டென்சர்' மைக். 1916-இல் அமெரிக்கப் பொறியாளர் வெண்ட் இதனை உருவாக்கினார். இதில் சவ்வும் ஒரு தகடும் மிக அருகே நிற்கும். இடைவெளி மாறுவதற்கேற்ப மின்னலை பிறக்கும். நுண்ணிய ஒலியையும் இது பற்றிக்கொள்ளும்; ஆனால் இயங்குவதற்கு வெளியிலிருந்து மின்னூட்டம் வேண்டும். 1962-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் செஸ்லர், வெஸ்ட் என்னும் இருவர், நிலையாக மின்னேற்றம் தங்கும் பிளாஸ்டிக் படலத்தைக் கொண்டு 'எலக்ட்ரெட்' மைக்கைச் செய்தனர். சட்டையில் குத்திக்கொள்ளும் சிறு மைக்குகள் பெரும்பாலும் இவ்வினத்தவை.

இனி இணைப்புகளுக்கு வருவோம். தொழில்முறைக் கூடங்களில் காணப்படுவது மூன்று முனைகள் கொண்ட 'எக்ஸ்.எல்.ஆர்.' இணைப்பு. மைக்கிலிருந்து வரும் மின்னலை மிகச் சிறியது. வழியில் மின்விசிறி, குழல்விளக்கு முதலியவற்றின் இரைச்சல் கம்பியில் ஏறிவிடும். இதனை விலக்கும் முறையை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஒரு கம்பியில் 5 என்னும் செய்தியும், மற்றொன்றில் அதன் எதிரான -5 என்னும் செய்தியும் செல்வதாகக் கொள்வோம். வழியில் 2 அளவு இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறுகிறது. அவை 7 என்றும் -3 என்றும் ஆகின்றன. சேருமிடத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் கிடைப்பது 10. செய்தி இரட்டித்தது, இரைச்சல் மறைந்தது! ஐம்பது மீட்டர் நீளக் கம்பியிலும் குரல் தெளிவாக வந்து சேர்வதன் காரணம் இதுவே. மூன்றாவது முனை காப்புறைக்கும் நிலத்தொடர்புக்கும் உரியது. கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் மின்னூட்டமும் இதே கம்பிவழியே செல்லும். இதனைப் 'பாண்டம் பவர்' என்பர். இதனைத் தராத கருவியில் அத்தகைய மைக்கைச் செருகினால் அது ஊமையாகவே இருக்கும், குற்றம் மைக்கினுடையதன்று.

அடுத்தது யு.எஸ்.பி. இணைப்பு. இவ்வகை மைக்கின் உள்ளேயே ஒலியை எண்களாக மாற்றும் உறுப்பு அமைந்துள்ளது. பெரும்பாலும் வினாடிக்கு 48,000 முறை அது மின்னலையை அளந்து கணினிக்கு அனுப்புகிறது. தனியொருவர் பேசுவதற்கு இதனினும் எளிய வழி இல்லை. இருவர் மூவர் கூடி உரையாடுவதாயின், எக்ஸ்.எல்.ஆர். மைக்குகளும், 'இன்டர்பேஸ்' என்னும் இடையிணைப்புப் பெட்டியும் கொள்வதே நன்று.

மூன்றாவது, 3.5 மில்லிமீட்டர் சிறு செருகி. தோற்றத்தில் எளியது, ஏமாற்றுவதில் வல்லது! இதன் தண்டில் உள்ள கறுப்பு வளையங்களை எண்ணிப் பாருங்கள். காமிராவுக்கு உரியதில் இரண்டு வளையங்கள். கைப்பேசிக்கு உரியதில் மூன்று. ஒன்றை மற்றொன்றில் செருக இயலும்; ஆனால் வேலை நடவாது.

என் பழைய மாணவர் ஒருவர், எண்பது வயது கடந்த தம் பாட்டியார் பாடும் நடவுப் பாட்டுகளைப் பதிவு செய்ய விரும்பினார். காமிரா மைக்கைப் பாட்டியாரின் சேலையில் குத்தி, கைப்பேசியில் செருகி, இரண்டு மணி நேரம் பாடச் செய்தார். கைப்பேசியோ செருகிய மைக்கை அறியாது, தன் சொந்த மைக்கினாலேயே கேட்டுக்கொண்டிருந்தது. பதிவானது தலைக்கு மேல் சுழன்ற மின்விசிறியின் ஓசை. அதனூடே எங்கோ ஒரு முதிய குரல். மறுமுறை பாடுவதற்கு அவ்வம்மையார் இன்று இல்லை. சில ரூபாய் பெறும் ஒரு மாற்றுச் செருகி இருந்திருப்பின் அப்பாட்டுகள் எஞ்சியிருக்கும்.

ஆதலின், மூன்று செய்திகளை மனத்திற் கொள்ளுங்கள். முதலாவது, வாங்குமுன் உங்கள் கருவியில் எவ்வகைத் துளை உள்ளது என்று பாருங்கள். இரண்டாவது, மைக்கை வாயருகே, ஏறத்தாழ ஒரு சாண் தொலைவில் வையுங்கள். தொலைவு பாதியானால் குரல் சுமார் 6 டெசிபெல் உயரும். அறையின் எதிரொலியோ உயர்வதில்லை. 'ப' என்னும் எழுத்தை ஒலிக்கையில் மூச்சு மோதாதிருக்க, மைக்கைச் சற்றே பக்கவாட்டில் நிறுத்துக. மூன்றாவதே தலையாயது: ஒரு நிமிடம் பதிவு செய்து, காதணி ஒலிப்பானில் கேட்டுப் பாருங்கள். மைக்கை விரலால் மெல்லத் தட்டுங்கள். தட்டிய ஓசை உரக்கக் கேட்டால், பதிவாவது அம்மைக்கின் வழியேதான் என்று தெளியலாம்.

வகுப்பில் மாணாக்கனுக்குச் சொல் விளங்காவிடில், எழுந்து நின்று மீண்டும் கேட்பான். பதிவைக் கேட்பவனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. அவனுக்காக முன்கூட்டியே கேட்டுப் பார்ப்பது பேசுவோர் கடமை. உங்கள் வீட்டு முதியோரின் குரல் கேட்கக் கிடைக்கும்போதே, அதனைச் செம்மையாகப் பதிந்து வையுங்கள்.