தட்ட வேண்டிய கதவு



படிப்பு முடிந்ததும் உத்தியோகம் தேடும் படலம் தொடங்கிவிடுகிறது. வீட்டில் தந்தை வாய் திறந்து கேட்பதில்லை. வந்துபோகும் உறவினரோ கேட்காமல் இருப்பதில்லை. இந்த நெருக்கடியில் நம்மவர் பெரும்பாலும் கைக்கொள்ளும் வழி, கண்ணில் பட்ட விளம்பரத்துக்கெல்லாம் மனுப் போடுவது. 7,301 இடங்களுக்கென அறிவிக்கப்பட்ட நான்காம் தொகுதித் தேர்வை, 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 18 லட்சம் பேர் எழுதினார்கள். அந்த வேலையை விரும்பி எழுதியவர் எத்தனை பேர், எதுவாயினும் சரி என்று எழுதியவர் எத்தனை பேர் என்பதை அவரவர் நெஞ்சே அறியும்.

தேர்ந்து தேடுவது செல்வர்க்கே இயலும் என்று சொல்லுவார்கள். நான் அதனை ஏற்பதில்லை. கணித மேதை ராமானுஜனைவிட வறியவர் யார்? கணிதம் ஒன்றிலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டமையால் எஃப்.ஏ. தேர்வில் அவர் தேறவில்லை. 1909இல் திருமணமும் ஆகிவிட்டது. பட்டமும் இல்லை, பணமும் இல்லை. கையில் இருந்தவை கணக்குகள் நிறைந்த நோட்டுப் புத்தகங்களே.

அவற்றை எடுத்துக்கொண்டு 1910இல் அவர் திருக்கோவிலூருக்குச் சென்றார். அங்கே டிப்டி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர். 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவரும் அவரே. ராமானுஜன் கேட்டது ஒரு குமாஸ்தா வேலைதான். ஐயர் நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தார். ரெவினியூ இலாகாவின் கடைசிப் படியில் இவரை அமர்த்தினால் இந்த அறிவு அங்கேயே நசுங்கிவிடும் என்று கருதி வேலை தர மறுத்தார். கணிதம் அறிந்த சென்னை நண்பர்களிடம் அனுப்பிவைத்தார். பசித்து வந்தவனுக்கு இப்படியும் ஒரு மறுப்பா என்று நமக்குத் தோன்றும். ஆனால் அவர் அடைத்தது ஒரு கதவு. காட்டியது வேறொரு தெரு.

அந்தத் தெருவில் எதிர்ப்பட்டவர் நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவ். மாதம் 25 ரூபாய் அளித்து உதவினார். பிறருக்கு நெடுநாள் சுமையாக இருக்க ராமானுஜன் மனம் ஒப்பவில்லை. 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுக அலுவலகத்துக்கு மனுச் செய்தார். தம் காலம் முழுவதையும் கணிதத்திற்கே செலவிட்டு வருவதாக அதில் ஒளிக்காமல் எழுதினார். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியரின் சிபாரிசும் உடன் சென்றது. மார்ச்சு முதல் தேதி வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 30 ரூபாய்.

முப்பது ரூபாய்க் குமாஸ்தா வேலை ஒரு மேதைக்கு ஏற்றதா? அன்றைய நிலையில் அதைவிட ஏற்றது வேறில்லை என்பேன். அவ்வேலை அவருக்குக் கணக்குப் போட நேரம் விட்டுவைத்தது. அதற்கும் மேலாக, அவருடைய மேலதிகாரி நாராயண ஐயர் கணிதம் பயின்றவர். தலைவராயிருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு பொறியியல் வல்லுநர். இருவரும் இவருக்காகப் பரிந்து நின்றார்கள். 1913 மே மாதத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் 75 ரூபாய் உதவிச் சம்பளம் வந்தது. மறு ஆண்டு மார்ச்சில் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

சி. வி. ராமன் கதை வேறு விதம். 1907இல் நிதி இலாகாவில் உயர்ந்த பதவி கிடைத்தது. கல்கத்தாவில் அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் ஆராய்ச்சிக் கூடத்தில் உழைத்தார். பத்தாண்டுகள் கழித்து, 1917இல், குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியரானார்.

ஆகையால், சம்பளம் எவ்வளவு என்று மட்டும் விசாரித்து நின்றுவிடாதீர்கள். அங்கே யாருக்குக் கீழ் வேலை செய்யப் போகிறோம், மாலையில் எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம், ஐந்தாண்டு அங்கிருந்தவர் என்ன கற்றிருக்கிறார் என்பவற்றையும் கேளுங்கள். முடிந்தால் அங்கே வேலை பார்ப்பவர் ஒருவரை நேரில் கண்டு பேசுங்கள். ஐம்பது இடங்களுக்கு ஒரே மனுவைப் பிரதி எடுத்து அனுப்புவதைவிட, ஐந்து இடங்களுக்கு அவ்விடம் அறிந்து எழுதுவது மேல்.

அதுவரை வீட்டுக்கு என்ன சொல்லுவது? ஆறு மாதம் என்று தவணை கேளுங்கள்; அதற்குள் கைச்செலவுக்கு நீங்களே வழி தேடிக்கொள்ளுங்கள். ராமானுஜனும் மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். ஆனால் பாடத்தை விட்டு எங்கோ எட்டாத தூரத்துக்குப் போய்விடுவாராம். அதனால் மாணவர்கள் நிலைக்கவில்லை என்பார்கள். அந்த அச்சம் நம்மில் பெரும்பாலோருக்கு வேண்டியதில்லை.